வார்டில் நாற்பது பேரில் ஒருவராக நிற்கும் மாணவருக்கு

கேள்வி: வணக்கம் சார். தென்மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படிக்கிறேன். இன்னும் எட்டு மாதத்தில் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற ஒரு வருடக் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி தொடங்கிவிடும். சர்ஜரி போஸ்டிங்கில் ஒரு கட்டிலைச் சுற்றி நாற்பது பேர் நிற்கிறோம். பின்னால் நிற்பவர்களுக்கு நோயாளியின் முகம்கூடத் தெரிவதில்லை. தியேட்டருக்குப் போனால் சர்ஜன்களின் முதுகைத்தான் பார்த்துவிட்டு வருகிறோம். கேஷுவால்டியில் நின்றால் இடைஞ்சல் என்று விரட்டுகிறார்கள். பாதி நண்பர்கள் வார்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டு நீட் பி.ஜி. வீடியோ பார்க்கிறார்கள். எனக்கு சர்ஜன் ஆகும் எண்ணம் இல்லை. பொது மருத்துவம் அல்லது குழந்தைகள் நலம் படிக்க ஆசை. ஆனாலும் நாளைக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி தனியாக இருக்கும்போது, வயிற்றுவலி என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வேன் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. வார்டில் நிற்பது வீணா? வேறு எப்படித்தான் கற்றுக்கொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் பயம் நல்ல பயம். அந்த ராத்திரியைப் பற்றி இறுதியாண்டிலேயே யோசிக்கிறவர் அதற்குத் தயாராகிவிட முடியும். வார்டில் நிற்பது வீணா என்றால், சும்மா நின்றால் வீண்தான். நாற்பது பேருக்கு நடுவில் நின்று, சொன்னதில் பாதியைக் காதில் வாங்கி, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதில் ஒன்றும் கிடைக்காது. அந்த மட்டில் உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் குறையை வீடியோ தீர்த்துவிடும் என்று அவர்கள் நம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சர்ஜரி போஸ்டிங்கில் நீங்கள் கற்க வேண்டிய முதல் விஷயம், வந்திருப்பவரை மூன்றில் ஒன்றாகப் பிரிக்கத் தெரிவது. இவர் வீட்டுக்குப் போகலாம். இவரை வைத்துப் பார்க்கலாம். இவருக்கு இந்த நிமிடமே ஆள் கூப்பிட வேண்டும். கத்தி பிடிப்பது, குடலைத் தைப்பது எல்லாம் சர்ஜனாகப் போகிறவர் பிறகு மூன்று வருடம் கற்றுக்கொள்வார். குழந்தை மருத்துவராகப் போனாலும், தோல் மருத்துவராகப் போனாலும், இந்தப் பிரிப்பு தெரியாமல் ஒருவர் ராத்திரி டூட்டி பார்க்க முடியாது. இதைக் கற்க நான் அறிந்த ஒரே வழி, ஒரு நோயாளியை அவர் வந்த நேரத்திலிருந்து வீட்டுக்குப் போகும் நாள் வரை விடாமல் தொடர்வது.

இதை என் சொந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். 1890களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் இதைத்தான் செய்தார். மாணவர்களை வகுப்பறையிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்து, ஆளுக்குச் சில நோயாளிகள் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். நம் நாட்டில் 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் இது இருக்கிறது. யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே அன்று மாணவருக்கு நோயாளிகளை ஒதுக்க வேண்டும், அவர் மாலை ஆறு மணி வரை யூனிட்டோடு இருக்க வேண்டும், ஒதுக்கிய நோயாளியை டிஸ்சார்ஜ் வரை தொடர வேண்டும், அவருடைய அறுவைச் சிகிச்சையின்போதும் மேற்பார்வையோடு கூட இருக்கலாம் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். பல கல்லூரிகளில் இது லாக் புக்கில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது என்பது எனக்கும் தெரியும். நான் சொல்ல வருவது, நீங்கள் போய்க் கேட்கப்போவது சலுகை அல்ல, உங்களுக்குச் சேர வேண்டியது. யூனிட் சீஃபிடம் நேராகப் போய், "சார், அட்மிஷன் டே அன்னிக்கு எனக்கு ஒரு பேஷன்ட் ஒதுக்கிக் கொடுங்க, நான் டிஸ்சார்ஜ் வரைக்கும் பாத்துக்கறேன்" என்று கேளுங்கள். நாற்பது பேரில் ஒருவர் இப்படிக் கேட்டால் மறுக்கிற ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் என்ன செய்வது? அட்மிஷன் டே அன்று மாலை, வயிற்றுவலி என்று வந்து சேர்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கேஸ் ஷீட்டைத் திறக்காதீர்கள். ஸ்கேன் வந்திருந்தால் அதையும் பார்க்காதீர்கள். அவரிடம் உட்கார்ந்து கதையைக் கேளுங்கள். வலி எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, விட்டு விட்டு முறுக்குகிறதா, ஒரே சீராக இருக்கிறதா, வாந்தி முதலில் வந்ததா வலி முதலில் வந்ததா, காற்று பிரிந்ததா, கடைசியாக என்ன சாப்பிட்டார். நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை எண்ணுங்கள். வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று பாருங்கள். குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் சீழ் பரவியவர் அசையாமல் படுத்திருப்பார். கட்டிலில் யாராவது இடித்தாலே முகம் சுளிப்பார். சிறுநீரகக் கல் வலிக்காரர் ஓரிடத்தில் இருக்க மாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். இதெல்லாம் வீடியோவிலும் சொல்வார்கள். ஆனால் கல்லுப்போல இறுகிய வயிற்றை ஒருமுறை உள்ளங்கையால் உணர்ந்துவிட்டால், பிறகு ஆயுசுக்கும் கை மறக்காது.

பார்த்து முடித்ததும் பாக்கெட் நோட்டில் நாலு வரி எழுதுங்கள். மணி என்ன, எனக்கு என்ன என்று தோன்றுகிறது, ஏன், நாளைக் காலைக்குள் இவருக்கு என்ன ஆகும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பிறகு கேஸ் ஷீட்டைத் திறந்து பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ராத்திரி ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை திரும்பப் போய் வயிற்றைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போனால் கூடவே போங்கள். உள்ளே என்ன இருந்தது, நீங்கள் எழுதியதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு போஸ்டிங்கில் ஐந்தாறு பேரைத் தொடர்ந்தவருக்கு இருக்கும் தெளிவு, பின்வரிசையில் நின்று நூறு பேரைப் பார்த்தவருக்கு இருப்பதில்லை.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். காலை கிளினிக்ஸில் உங்களுக்குக் காட்டப்படும் நோயாளி பெரும்பாலும் வந்து இரண்டு நாள் ஆனவர். நோய் முழு உருவம் எடுத்து நிற்கும். புத்தகப் படமும் அப்படித்தான். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோய் அதன் முதல் சில மணி நேரத்தில் வரும். குடல்வால் அழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் தொப்புளைச் சுற்றி மந்தமான ஒரு வலி, சாப்பிடப் பிடிக்கவில்லை, குமட்டல், அவ்வளவுதான். வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அந்த இடத்தில் தொட்டால் வலிக்கத் தொடங்குவதற்குப் பல மணி நேரம் ஆகும். முதல் நான்கு மணி நேரத்தில் வந்தவரை "கேஸ் ட்ரபுள்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டு, மறுநாள் குடல்வால் வெடித்து வந்தவர்களை எல்லா சர்ஜனும் பார்த்திருப்பார். அந்த முதல் மணிகளை நீங்கள் அட்மிஷன் டே மாலையில்தான் பார்க்க முடியும். அதே வயிற்றை ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதைப்போன்ற பாடம் வேறு இல்லை. பின்னாளில் சந்தேகமான ஒருவரிடம் "இங்கேயே இருங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கறேன்" என்று தயங்காமல் சொல்லும் பழக்கமும் இதிலிருந்துதான் வரும்.

சரி, நீங்கள் கேட்ட அந்த ராத்திரி வயிற்றுவலிக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தவறவிடப்படும் நோய்களில் பெரும்பாலானவை அபூர்வமானவை அல்ல. பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காததால் தவறியவை.

பாட்டி ஒருவர் இரண்டு நாளாக வாந்தி என்று வருகிறார். வயிறு உப்பியிருக்கிறது. புடவையை விலக்கித் தொடை இடுக்கைப் பார்க்காமல் விட்டால், அங்கே நெல்லிக்காய் அளவில் சிக்கிக்கொண்டிருக்கும் ஃபிமோரல் ஹெர்னியா (குடல் பிதுக்கம்) தெரியாது. அவரும் சொல்ல மாட்டார். கூச்சம், அல்லது அதற்கும் வாந்திக்கும் சம்பந்தம் இருப்பது தெரியாது. பன்னிரண்டு வயதுப் பையன் அடிவயிறு வலிக்கிறது என்று அழுகிறான். டிரவுசரை இறக்கி விரையைப் பாருங்கள். விரை முறுக்கிக்கொண்டிருந்தால் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் திருப்பிவிட்டால்தான் அது பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பையன் வெட்கப்பட்டு வயிறு என்றுதான் சொல்வான். குழந்தை மருத்துவம் படிக்க ஆசை என்கிறீர்கள். இதை இன்றைக்கே மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண் அடிவயிற்றுவலி என்று வந்தாலும் கடைசி மாதவிடாய் தேதியைக் கேளுங்கள், சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். கல்யாணம் ஆகவில்லை, குடும்பக் கட்டுப்பாடு செய்தாயிற்று என்ற பதில்களை வைத்து விட்டுவிடாதீர்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

மேல்வயிறு எரிகிறது, வாயு பிடித்திருக்கிறது, வியர்த்துக்கொட்டுகிறது என்று ஐம்பது வயதுக்காரர் வந்தால், ஜெலுசில் கொடுப்பதற்கு முன் ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத்தின் கீழ்ப்பகுதி மாரடைப்பு இப்படித்தான் வரும். நீரிழிவு இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சர்க்கரையையும் பாருங்கள்; நீரிழிவு முற்றி ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறியவர்கள், முக்கியமாகப் பிள்ளைகள், வயிற்றுவலி வாந்தி என்றே வருவார்கள், அவர்களைக் குடல்வால் என்று தியேட்டர் வாசல் வரை கொண்டுபோவது நடக்கிறது. நாடி தாறுமாறாக அடிக்கும் வயதானவர் வலியால் துடிக்கிறார், ஆனால் வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. வலிக்கும் வயிற்றுக்கும் பொருத்தமே இல்லை. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம் என்று நினையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதை வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க மாட்டீர்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுந்து வருகிறார். கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. அவர் கண் இமை பாதி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டுவிரியன் கடி இப்படித்தான் வரும், கடித்ததுகூடத் தெரியாது. இமையைப் பார்க்காமல் வயிற்றுக்கு ஊசி போட்டு ஓரமாகப் படுக்கவைத்தால், சற்று நேரத்தில் மூச்சு நின்றுவிடும்.

வலி நிவாரணி பற்றியும் சொல்ல வேண்டும். சர்ஜன் வந்து பார்க்கும் வரை வலிக்கு ஊசி போடக் கூடாது, போட்டால் நோய் மறைந்துவிடும் என்று உங்களிடம் இன்னும் சிலர் சொல்லக்கூடும். அது பழைய நம்பிக்கை. வலியைக் குறைத்த பிறகு பரிசோதித்தாலும் நோயைக் கண்டுபிடிப்பதில் பிழை கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. வலி கொஞ்சம் அடங்கியவர் வயிற்றைத் தளர்த்திக் காட்டுவார். ஒருவரைத் துடிக்கவிட்டுக் காத்திருப்பதற்கு இப்போது எந்த நியாயமும் இல்லை. என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்தால் போதும்.

கேஷுவால்டியில் விரட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பத்துப் பேராகப் போனால் விரட்டத்தான் செய்வார்கள். மாலையில் இரண்டு பேராகப் போங்கள். டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்யும் வேலை, வருகிறவர்களின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவது. நம் கேஸ் ஷீட்டுகளில் நாடியும் ரத்த அழுத்தமும் உண்மையாக இருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் எல்லாருக்கும் ஒரே எண்ணாக இருக்கும், ஏனென்றால் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஒருவர் சரிந்துகொண்டிருக்கிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான். பிரிட்டனில் 2012இல் கொண்டுவந்த நியூஸ் என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையிலும் மூச்சு எண்ணிக்கைக்கு முக்கிய இடம் உண்டு. நிமிடத்துக்கு 28 மூச்சு வாங்குகிறவரைக் கண்டுபிடித்து நீங்கள் பி.ஜி.யிடம் சொன்னால், அடுத்த வாரம் அவரே உங்களைத் தேடுவார்.

நம் அரசு மருத்துவமனைகளின் விபத்துச் சிகிச்சைப் பிரிவுகளில் இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வருகிறவர்களைப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிப்பு நடக்கும் இடத்தில் நின்று, மனதுக்குள் நீங்கள் ஒரு நிறம் சொல்லிவிட்டு, அவர்கள் என்ன நிறம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். விபத்தில் அடிபட்டவரைப் பார்க்கும் வரிசையையும் அங்கேயே பழகலாம். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடுப்பைக் களைந்து முழு உடம்பு. இந்த வரிசை பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு சர்ஜன் ஓட்டிவந்த சிறிய விமானம் வயலில் விழுந்தது. மனைவி அந்த இடத்திலேயே இறந்துபோனார். அடிபட்ட பிள்ளைகளோடு அவர் போய்ச் சேர்ந்த சிறிய மருத்துவமனையில், எதை முதலில் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வேதனையிலிருந்து அவரும் சக மருத்துவர்களும் உருவாக்கிய பயிற்சிதான் ஏ.டி.எல்.எஸ். அது பெரிய ஊர் நிபுணர்களுக்காக உருவானது அல்ல. சின்ன ஊரில் தனியாக நிற்கும் டாக்டருக்காக உருவானது, அதாவது உங்களுக்காக.

அந்தப் பயிற்சியிலிருந்து ஒன்றை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்: ரத்த அழுத்தத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஆரோக்கியமான இளைஞருக்கு உடம்பின் ரத்தத்தில் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லிட்டர்போல, போகும் வரை மேல் அழுத்தம் இறங்காமலேயே இருக்கலாம். அதற்கு முன்பே கை ஜில்லென்று ஆகும், நாடி ஓடும், தண்ணீர் கேட்பார், நிலைகொள்ளாமல் தவிப்பார். 110 என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து மனம் ஆறிவிட்டால், அடுத்த முறை அளக்கும்போது நேரம் போயிருக்கும்.

கை வேலைகளுக்கு வருகிறேன். சி.ஆர்.ஆர்.ஐ. ஒரு வருடத்தில் 2021 விதிகளின்படி பொது அறுவைச் சிகிச்சைக்கு ஆறு வாரமும் கேஷுவால்டிக்கு இரண்டு வாரமும்தான். அந்த எட்டு வாரத்தில் கை முதல்முறையாக நடுங்கக் கூடாது என்றால், இப்போதே ஸ்கில்ஸ் லேபில் பொம்மையின் மேல் பழகிவிடுங்கள். பிறகு மேற்பார்வையில் நோயாளியிடம். வென்ஃபிளான் (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போடுவதற்கு உங்கள் கல்லூரியில் மிகச்சிறந்த ஆசிரியர் வார்டு சிஸ்டராகத்தான் இருப்பார். தயங்காமல் அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ரத்தம் போகிறவருக்குப் பச்சை அல்லது சாம்பல் நிற வென்ஃபிளான், இரண்டு கையிலும். ஊதா நிறமோ நீலமோ அல்ல. குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால்தான் திரவம் வேகமாக ஏறும். சிறுநீர்க்குழாய் போடும்போது சிறுநீர் வந்ததைப் பார்த்த பிறகே பலூனை ஊதுங்கள். தையல் போட மரப்புக்கு ஊசி ஏற்றும் முன் கணக்குப் போடுங்கள். 2 சதவீத லிக்னோகெய்னில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது. அட்ரினலின் சேராததற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற பாதுகாப்பான வரம்பை வைத்தால், 50 கிலோ ஆளுக்கு ஏழரை மில்லிதான். பெரிய காயத்துக்கு அதை எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

தைக்கக் கற்றதும் எல்லாக் காயத்தையும் தைக்கக் கை துறுதுறுக்கும். நாய்க்கடியை உடனே தைக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவுவதுதான் முதல் சிகிச்சை. ரத்தம் வரும் கடியென்றால் ரேபிஸ் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும், கூடவே தடுப்பூசி. முடிச்சுப் போடுவதை ஹாஸ்டலில் நாற்காலிக் காலில் நூல் கட்டியே பழகலாம். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

நெஞ்சில் காற்று அடைத்து அழுத்தும் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்ரேக்கு அனுப்பாமல் உடனே ஊசியால் காற்றை வெளியேற்ற வேண்டிய நோய் அது. காலர் எலும்புக்குக் கீழே இரண்டாவது விலா இடைவெளி என்று பழைய நோட்ஸில் இருக்கும். பெரியவர்களுக்கு அந்த இடத்தை 2018 பதிப்பில் ஏ.டி.எல்.எஸ். மாற்றிவிட்டது. இப்போது நாலாவது அல்லது ஐந்தாவது இடைவெளி, அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால். குழந்தைகளுக்குப் பழைய இடமேதான். சீனியரின் நோட்ஸை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தியேட்டரில் முதுகுதான் தெரிகிறது என்கிறீர்கள். முன்னாலேயே தெரிந்த உங்கள் நோயாளி ஒருவருக்காகப் போனால் அதே முதுகுக்குப் பின்னாலும் நிறையத் தெரியும். மயக்க மருத்துவர் என்ன கேட்கிறார், எப்படிக் குழாய் போடுகிறார் என்று அவர் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே கூட்டம் இருக்காது, மூச்சுப்பாதையைக் காப்பாற்றக் கற்க அதைவிட நல்ல இடமும் இல்லை. கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் நிறுத்தி, நோயாளி பெயர், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொடுத்த சரிபார்ப்புப் பட்டியல் அது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

சர்ஜன் ஆகாதவருக்கு இன்னும் பெரிய பாடம் அறுவைக்குப் பிந்தைய வார்டில் இருக்கிறது. அங்கே மாணவர் யாரும் போவதில்லை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும். வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறதா, உடம்பில் தண்ணீர் குறைவா, உள்ளே ரத்தம் போகிறதா என்று வரிசையாக யோசிக்க வேண்டும். குடலை இணைத்தவருக்கு ஐந்தாம் நாள் காரணமில்லாமல் நாடி 120க்கு ஏறினால், தையல் கசிகிறதா என்று பயப்பட வேண்டும். நாளைக்கு நீங்கள் பொது மருத்துவரானாலும் இந்த நோயாளிகளுக்காக ராத்திரி உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டிலில் இருப்பவர் நமக்குப் பாடம் சொல்ல வந்தவர் அல்ல, வலியோடு வந்தவர். அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் இருக்காது; அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஐயா, நான் மாணவன். உங்க வயித்தத் தொட்டுப் பாக்கலாமா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று கேளுங்கள். திரை போடச் சொல்லுங்கள். பெண் நோயாளி என்றால் சிஸ்டரோ தோழியோ கூட இருக்கட்டும். வலிக்கும் வயிற்றைப் பத்துப் பேர் அடுத்தடுத்து அழுத்துவது கொடுமை. உங்கள் கூட்டத்தில் அது நடந்தால் நீங்களாவது உங்கள் முறையை விட்டுக்கொடுங்கள். அவருக்குத் தண்ணீர் எடுத்துத் தருவது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரோடு போவது, பதறி நிற்கும் மகளுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டுச் சொல்வது, இவையெல்லாம் உங்களால் முடியும். அவர் தரும் பாடத்துக்கு நாம் அதையாவது திருப்பித் தர வேண்டும்.

நீட் பி.ஜி. கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, வீட்டில் எதிர்பார்ப்பு. வாரத்தில் ஒரு நாள், அட்மிஷன் டேயை முழுவதும் வார்டுக்குக் கொடுங்கள். தொடரும் நோயாளிக்கு மற்ற நாட்களில் அரை மணி நேரம் போதும். மீதி நேரம் படியுங்கள், வீடியோ பாருங்கள். அந்தத் தேர்விலும் நிறையக் கேள்விகள் இப்போது நோயாளி கதையாகத்தான் வருகின்றன.

இனி, தனியாக இருக்கும் அந்த ராத்திரி. உண்மையில் நீங்கள் தனி இல்லை, போன் இருக்கிறது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் பழக வேண்டிய கலை. பெரிய மருத்துவமனை டூட்டி டாக்டரை எழுப்பி, கதையைக் காலையிலிருந்து தொடங்காதீர்கள். "45 வயது ஆண், ஆறு மணி நேரமாக வயிற்றுவலி, வயிறு இறுகியிருக்கிறது, நாடி 124, அழுத்தம் 96. அல்சர் உண்டு, வலி மாத்திரை சாப்பிடுகிறவர். குடல் ஓட்டை என்று நினைக்கிறேன். இரண்டு லைன் போட்டு, மூக்குவழிக் குழாயும் சிறுநீர்க்குழாயும் போட்டு, ஆன்டிபயாடிக், வலி ஊசி கொடுத்து 108இல் அனுப்புகிறேன், தயாராக இருங்கள்" என்று சொல்லுங்கள். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற நான்கு படி. இதே நான்கையும் நேரத்தோடு கடிதத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். இப்போதிலிருந்தே வார்டில் பி.ஜி.யிடம் உங்கள் நோயாளியைப் பற்றி இந்த வரிசையில் ஒரு நிமிடத்தில் சொல்லிப் பழகலாம். நோய் என்னவென்று தெரியவில்லை என்றாலும், "தெரியவில்லை, ஆனால் இவர் எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லிக் கூப்பிடலாம். அப்படி வந்த அழைப்புக்காக நான் யாரையும் கோபித்ததில்லை. கூப்பிடாமல் விடியும்வரை வைத்திருந்தவர்களைப் பார்த்துத்தான் வருந்தியிருக்கிறேன்.

கடைசியாக உங்களைப் பற்றி. கேஷுவால்டியில் கையில் ஊசி குத்திக்கொள்ளாத ஹவுஸ் சர்ஜன் குறைவு. ஊசிக்கு மூடி போடாதீர்கள், அப்படியே ஊசி வெட்டும் பெட்டிக்குப் போகட்டும். குத்திவிட்டால் விரலைப் பிழியாமல் சோப்பும் தண்ணீரும் வைத்துக் கழுவி, உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் பயனில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி உங்களுக்கு மூன்று தவணையும் போட்டதற்குச் சான்று இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது, அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி 10ஐத் தாண்டியிருக்கிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை. கணக்குப் பார்த்தால் உங்களுக்கு இருக்கும் எட்டு மாதம் அதற்குத்தான் சரியாக இருக்கும்.